ஸ்கி நாட்டிக் 200: படகு மாறியது, கூடவே இழுவையும் மாறியது

ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில் இருக்கும் கரெக்ட் கிராஃப்ட் நிறுவனம் 2009இல் ஸ்கி நாட்டிக் 200 என்ற படகை 2010ஆம் ஆண்டு மாடலாக வெளியிட்டது. படகு இழுக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நீரில் சறுக்கும் போட்டி நீர்ச்சறுக்கில் இது பெரிய செய்தி. ஸ்கி நாட்டிக் என்ற பெயருக்கு 1961லிருந்து வரலாறு உண்டு. லியோ பென்ட்ஸ் என்பவர் உருவாக்கிய படகின் அச்சை நிறுவனத்தை நடத்திவந்த மெலூன் குடும்பம் வாங்கியதில் அது தொடங்கியது. ஜார்ஜியாவின் காலவே கார்டன்ஸில் 1959 முதல் நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டியோடு சேர்த்தே நாட்டிக் படகுகளைப் பேசுவார்கள். அந்த வரிசையில் பல ஆண்டுகள் கிளப்புகளிலும் போட்டிகளிலும் ஓடி எல்லாருக்கும் கைவந்த படகு ஸ்கி நாட்டிக் 196. அதை நிறுத்திவிட்டு வேறொன்றைக் கொண்டுவந்தால் சறுக்குபவர்கள் ஒவ்வொருவருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். இருந்தது.

வேக், அதாவது படகுக்குப் பின்னால் இரு பக்கமும் எழும் அலை, நன்றாக இருக்கிறது என்றார்கள். படகு பெரிதாகிவிட்டது, விலை ஏறிவிட்டது என்றார்கள். படகு நேராகப் போகிறது என்று ஓட்டுநர்கள் மகிழ்ந்தார்கள். இவற்றோடு, கயிற்றில் வரும் இழுவை கடுமையாகிவிட்டது என்ற பேச்சும் அந்தப் பருவங்களில் எங்கும் கேட்டது. இந்தக் கடைசிக் கருத்தைத்தான் இங்கே விரிவாகப் பார்க்கப்போகிறேன். அதில் பெரும் பகுதி படகைப் பற்றியதே இல்லை என்பது என் முடிவு. அந்தச் சில ஆண்டுகளில் படகும் மாறியது, படகின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியும் மாறியது. இரண்டையும் ஒன்றாக அனுபவித்தவர்கள் இரண்டுக்கும் சேர்த்துப் படகின் பெயரைச் சொன்னார்கள்.

பதினாறு விநாடிகள்

மிதவைகளைச் சுற்றிச் சறுக்கும் பிரிவுக்கு ஸ்லாலோம் என்று பெயர். அதன் பாதையின் கணக்கைக் கொஞ்சம் சொன்னால்தான் இது புரியும். பாதையின் நீளம் 259 மீட்டர். படகு நடுவில் நேராகப் போகும். அதன் இரு பக்கமும் பக்கத்துக்கு மூன்றாக ஆறு மிதவைகள். ஒவ்வொன்றும் நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி இருக்கும். நுழைவாயிலிலிருந்து முதல் மிதவை வரை 27 மீட்டர், அப்புறம் மிதவைக்கு மிதவை 41 மீட்டர். ஆண்களின் உச்ச வேகம் மணிக்கு 58 கிலோமீட்டர், பெண்களுக்கு 55. வயதில் மூத்த கிளப் ஆண்கள் பலர் சறுக்குவதும் 55இல்தான். 58இல் மொத்தப் பாதையையும் கடக்க 16.08 விநாடி ஆகும். அப்படியென்றால் ஒரு மிதவையிலிருந்து அடுத்ததற்கு இரண்டரை விநாடிதான். அதற்குள் படகின் பின்னால் குறுக்கே பாய்ந்து, 23 மீட்டர் அகலத்தைக் கடந்து, எதிர்ப்பக்க மிதவையைச் சுற்றித் திரும்ப வேண்டும்.

ஆறையும் முடித்தால் கயிறு குறையும். 18.25 மீட்டரில் தொடங்கி 16, 14.25, 13, 12, 11.25, 10.75, 10.25, 9.75 என்று இறங்கும். 11.25க்கு வந்தாலே கயிறு மிதவையை எட்டாது. மீதியை நீட்டிய கையும் சாய்ந்த உடலும்தான் நிரப்ப வேண்டும். 2013இல் லூயிசியானாவின் கோவிங்டனில் அமெரிக்க வீரர் நேட் ஸ்மித் 9.75 மீட்டர் கயிற்றில் இரண்டரை மிதவை எடுத்து உலக சாதனை படைத்தார். அந்தக் கயிறு மிதவைத் தூரத்தைவிட 1.75 மீட்டர் குறைவு. இந்த அளவில் சறுக்குபவருக்குப் படகு ஒரு கை அளவு நகர்ந்தாலும், அரை நொடி தாமதமாக வேகம் எடுத்தாலும் உடம்பில் தெரிந்துவிடும்.

ஆனால் சறுக்குபவருக்குத் தெரிவது இழுவை மட்டும்தான். அது எங்கிருந்து வருகிறது என்பது கைப்பிடியில் எழுதியிருக்காது. கயிற்றின் மறுமுனையில் படகின் எடை, எஞ்சின், ப்ரொப்பல்லர், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, சுக்கானைப் பிடித்திருக்கும் மனிதர் என்று எல்லாம் சேர்ந்தே இருக்கின்றன.

கருவி மாறிய கதை

1990களின் நடுவிலிருந்து போட்டிப் படகுகளில் பரவலாக இருந்தது கனடாவில் உருவான பெர்ஃபெக்ட் பாஸ். அதன் பழைய வடிவம் எஞ்சின் சுழற்சியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாதையில் பதித்த காந்தங்களைக் கடக்கும்போது நேரத்தை அளக்கும். படகில் எத்தனை பேர், எதிர்க்காற்று எவ்வளவு, சறுக்குபவர் எவ்வளவு கனம் என்பதைப் பார்த்து ஓட்டுநர் எண்களைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அனுபவமுள்ள ஓட்டுநர் இருந்தால் மொத்த நேரம் சரியாக வந்துவிடும்.

மொத்த நேரம் சரியாக வந்தது என்பதற்காக ஒவ்வொரு கணத்திலும் வேகம் ஒரே மாதிரி இருந்தது என்று அர்த்தமில்லை. கனமான ஒருவர் வேக்கை நோக்கி முழு பலத்தோடு சாய்ந்து இழுத்தால் படகின் வேகம் கொஞ்சம் இறங்கும். அவர் விட்டதும் மெதுவாக ஏறும். இந்த இறக்கத்தையும் ஏற்றத்தையும் சறுக்குபவர்கள் பல ஆண்டுகளில் உடம்பில் பழகிவிட்டார்கள். நீண்ட நேரம், பலமாக, இரண்டு வேக்கையும் தாண்டி இழுத்துக்கொண்டே போவது ஒரு பாணியாகவே வளர்ந்திருந்தது. படகு விட்டுக்கொடுத்ததால்தான் அந்தப் பாணி பலித்தது.

2008 வாக்கில் ஈ-கன்ட்ரோல்ஸ் நிறுவனத்தின் ஜீரோ ஆஃப் வந்தது. இது ஜி.பி.எஸ். கொண்டு படகின் உண்மையான வேகத்தைப் பார்க்கும். காந்தம் வேண்டாம், ஆள்கணக்கு வேண்டாம். வேகம் இறங்கத் தொடங்கியதுமே, எஞ்சினின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலைத் திறந்துவிடும். எஞ்சின் எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு அழுத்தமாகப் பதில் தர வேண்டும் என்பதைச் சறுக்குபவரே தேர்ந்தெடுக்கலாம். ஏ, பி, சி என்ற மூன்று எழுத்துகளும் 1, 2, 3 என்ற எண்களும் சேர்ந்து ஒன்பது அமைப்புகள். ஒவ்வொரு பாதைக்கும் நேரம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வந்தது. போட்டி நடத்துபவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஓட்டுநருக்கு ஓட்டுநர் வேகம் மாறுகிறது என்ற பழைய சண்டை முடிந்தது.

சறுக்குபவர்களில் பலருக்கு நிம்மதி போனது. பழைய பழக்கப்படி முதல் வேக்கில் பலமாகச் சாய்ந்தால், கருவி அதை உணர்ந்து எஞ்சினைத் தட்டிவிடும். அந்த பலம் கயிற்றில் வந்து சேரும்போது அவர் இரண்டாவது வேக்கைத் தாண்டிக்கொண்டிருப்பார். சாய்வை விட்டு எழுந்து வெளிப்பக்கம் போக வேண்டிய அந்த இடத்தில் கைப்பிடி உள்பக்கமாக இழுக்கும். கயிறு இழுக்கும் போட்டியில் எதிர்ப்பக்கம் திடீரென்று இன்னும் இரண்டு பேர் சேர்ந்த மாதிரி இருக்கும். மிதவைக்கு வெளியே போதுமான அகலம் கிடைக்காது, திரும்பும்போது கயிறு தொய்ந்துவிடும், அடுத்த மிதவைக்கு நேரம் போய்விடும்.

இங்கேதான் நம் வழக்கின் முக்கியமான தகவல் வருகிறது. ஜீரோ ஆஃப் வேலை செய்ய எலெக்ட்ரானிக் த்ராட்டில் வேண்டும். கேபிள் த்ராட்டில் உள்ள பழைய எஞ்சினில் அதைப் பொருத்த முடியாது. கிளப்பில் பழைய 196ஐயே வைத்திருந்தவர்களுக்கு ஜீரோ ஆஃப் கிடைக்க ஒரே வழி புதுப் படகுதான். ஆகவே பலருடைய முதல் ஜீரோ ஆஃப் சறுக்கும், முதல் 200 சறுக்கும் ஒரே நாளில், ஒரே கயிற்றின் முனையில் நடந்தன. கரையேறி வந்தவரிடம் கேட்டால் இந்தப் படகு மோசமாக இழுக்கிறது என்பார். அந்தப் படகில் என்னென்ன புதிது என்று பிரித்துச் சொல்ல அவரால் முடியாது. யாராலும் முடியாது.

எடைக்கு எவ்வளவு பங்கு?

200க்கும் ஒரு பங்கு இருக்கிறது. 196 என்பது 19 அடி 6 அங்குலம், 200 என்பது 20 அடி. நீளம் கொஞ்சம்தான் கூடியது. அகலமும் எடையும் நன்றாகவே கூடின. கனமான படகை இழுத்து மெதுவாக்குவது கடினம், இது பள்ளிக்கூட இயற்பியல்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஆட்களோடு ஒரு படகு 1,300 கிலோ, இன்னொன்று 1,500 கிலோ. சறுக்குபவர் படகைப் பின்னோக்கி இழுக்கும் விசை இரண்டிலும் 2,000 நியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ எடைக்குச் சமம். எஞ்சின் கூடுதலாக எதுவும் செய்யவில்லை என்றால் அரை நொடியில் லேசான படகு மணிக்கு சுமார் 2.8 கிலோமீட்டர் வேகம் இழக்கும், கனமான படகு 2.4. இரண்டுக்கும் வித்தியாசம் அரைக் கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி குறுக்கிட்டு அந்த 2.4 இழப்பே நேராமல் பிடித்து வைத்தால் கயிற்றில் வரும் மாற்றம் அதைவிடப் பல மடங்கு பெரிது. எடையும் கருவியும் ஒரே திசையில்தான் வேலை செய்கின்றன, இரண்டும் இழுவையைக் கடுமையாக்கும். ஆனால் பெரிய பங்கு கருவியுடையது.

இதைச் சரிபார்க்க நேரடியான வழி ஒன்று இருந்தது. கடைசி ஆண்டுகளில் வந்த 196கள் சிலவற்றில் ஜீரோ ஆஃப் இருந்தது. அந்த 196இன் பின்னால் ஏற்கெனவே பழகிவிட்டு 200க்கு வந்தவரின் பேச்சும், பெர்ஃபெக்ட் பாஸிலிருந்து நேராக 200க்கு வந்தவரின் பேச்சும் ஒன்றாக இருக்க நியாயமில்லை. முதலாமவர் கருவியின் அதிர்ச்சியை வேறு படகில் பட்டு முடித்தவர். 200இல் அவருக்குப் புதிதாகத் தெரிவதெல்லாம் படகுடையது. அப்படிப்பட்டவர்கள் சொன்னதை மட்டும் தனியாக எடுத்துப் படித்திருந்தால் அந்த முதல் பருவத்தின் குழப்பத்தில் நிறையக் குறைந்திருக்கும். எந்தப் புதுப் படகு வந்தாலும் நான் முதலில் தேடுவது இந்த மாதிரி ஆட்களைத்தான்.

எஞ்சின் தேர்வும் இதில் சேரும். 200ஐ 5.7 லிட்டர் எஞ்சினோடும் வாங்கலாம், 6 லிட்டரோடும் வாங்கலாம். இரண்டும் பி.சி.எம். நிறுவனத்தின் தயாரிப்பு. ஒரே படகு, ஒரே பெயர், ஒரே பி2 அமைப்பு என்றாலும் கருவி கூப்பிடும்போது பதில் சொல்லும் எஞ்சின் வேறு. நான் 200இல் சறுக்கினேன் என்று ஒருவர் சொன்னால் எந்த எஞ்சின், எந்த அமைப்பு என்று கேட்காமல் அந்தக் கருத்தை வைத்து எதுவும் செய்ய முடியாது.

நேராகப் போகும் படகு

ஓட்டுநர்கள் 200ஐ உடனே விரும்பினார்கள். காரணம் படகு பாதையிலிருந்து விலகாமல் போனது.

சறுக்குபவர் மிதவையருகே இருக்கும்போது கயிறு படகுக்குக் கிட்டத்தட்ட குறுக்காக நிற்கும். குறைந்த கயிற்றில் இன்னும் அதிகம். அப்புறம் அவர் திரும்பிச் சாயும்போது படகைத் தன் பக்கம் இழுப்பார். இதைத் தாங்கத்தான் போட்டிப் படகில் கயிறு கட்டும் பைலன் பின்பலகையில் இல்லாமல் படகின் நடுவில் நிற்கிறது, எஞ்சினும் நடுவில் இருக்கிறது, அடியில் வரிசையாக ஃபின்கள், அதாவது செங்குத்தான சிறு தகடுகள், இருக்கின்றன. இவ்வளவு இருந்தும் படகு கொஞ்சம் நகரும். ஓட்டுநர் ஒவ்வொரு இழுப்புக்கும் முன்கூட்டியே சுக்கானைத் துளி திருப்பி ஈடுகட்டுவார். படகு போக வேண்டிய வாயில் 2.3 மீட்டர் அகலம்தான், அதற்குள்ளேயே நடுவில் இருக்க வேண்டும். அகலமான, கனமான, அடியில் பிடிப்புள்ள படகில் அந்தத் திருத்தம் குறையும். நாள் முழுக்க ஓட்டும் ஓட்டுநருக்குத் தோள்வலி குறையும்.

இதே குணம் சறுக்குபவருக்கு வேறு மாதிரித் தெரியும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. படகு தன் பக்கம் 20 சென்டிமீட்டர் வந்தால் சறுக்குபவருக்கு அது கிடைத்த சலுகை. கயிறு 11.25 மீட்டர், மிதவை 11.5 மீட்டர் என்ற இடத்தில் 20 சென்டிமீட்டர் பெரிய தொகை. அதோடு படகு பக்கவாட்டில் கொஞ்சம் வந்தால் இழுப்பின் முதல் அதிர்வும் குறையும். நேராகவே போகும் படகு இந்தச் சலுகை எதையும் தராது. பழைய படகில் எடுத்த கணக்கில் ஒரு மிதவையோ அரை மிதவையோ குறைந்தால் சறுக்குபவருக்குப் படகு மேல்தான் கோபம் வரும். உண்மையில் அந்தப் படகு நியாயமாக நடந்துகொள்கிறது. ஓட்டுநர் புகழ்வதும் சறுக்குபவர் குறை சொல்வதும் ஒரே குணத்தைத்தான் என்பது இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

வேக்கை எந்த இடத்தில் தாண்டுகிறீர்கள்?

வேக் பற்றிய கருத்துகள் இழுவை பற்றியவற்றைவிட நம்பகமானவை. ஏனென்றால் கால்முட்டி பொய் சொல்லாது, கண்ணுக்கும் தெரியும். 200இன் வேக் ஸ்லாலோம் வேகத்தில் தாழ்வாகவும் மிருதுவாகவும் இருந்தது என்பதில் பரவலான ஒப்புதல் இருந்தது. படகு கனத்துவிட்டதால் வேக் பெரிதாகும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியம். அகலமான அடிப்பாகம் எடையை நீரில் அதிக இடத்தில் பரப்பிவிடுகிறது. ஓடும் வேகத்தில் படகு எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்பதுதான் வேக்கைத் தீர்மானிக்கிறது, தராசில் காட்டும் எடை மட்டும் அல்ல.

ஆனாலும் வேக் நன்றாக இருக்கிறது என்ற ஒற்றை வாக்கியம் யாருக்கும் உதவாது. கயிற்றின் நீளம் மாறினால் நீங்கள் தாண்டுவது வேறொரு வேக். 9.75இலோ 10.25இலோ சறுக்குபவர் பின்பலகைக்கு மிக அருகில் தாண்டுகிறார். அங்கே அலை இன்னும் எழவே இல்லை, அகலமும் குறைவு. அவருக்கு வேக் ஒரு பொருட்டே இல்லை, படகின் பக்கத்திலிருந்து தெறிக்கும் நீர்த்திவலைதான் பிரச்சினை. எதிர்க்காற்றில் அது நேராகக் கண்ணில் அடிக்கும். 18.25இல் சறுக்கும் புதியவருக்கோ அலை முழுதாக எழுந்த இடம் கிடைக்கிறது. அவர் வேகமும் குறைவு என்பதால் படகு இன்னும் அமிழ்ந்து இன்னும் பெரிய அலையைத் தரும். ஒரு புதுப் படகைப் பற்றி முதலில் பேசுபவர்கள் பெரும்பாலும் குறைந்த கயிற்றுக்காரர்கள். படகை வாங்கும் கிளப்பில் பாதிப் பேர் நீளக் கயிற்றுக்காரர்கள். இவர்களுக்கு அவர்களின் பாராட்டு பொருந்தாமல் போக நிறைய வாய்ப்பு உண்டு.

நடுவில் 16 மீட்டர் என்ற இடம் ஒன்று இருக்கிறது. கிளப் அளவில் மிக அதிகம் பேர் தினமும் தாண்டும் கயிறு இதுதான், மிக அதிகம் முறையீடு வருவதும் இங்கேதான். ப்ரொப்பல்லர் கிளப்பிய நீர் மேலெழுந்து திரளும் மேடு பல படகுகளில் கிட்டத்தட்ட இந்தத் தூரத்தில் வந்து நிற்கிறது. முழுச் சாய்வில், முழங்கால் மடங்கி, உடம்பு நீரை ஒட்டிப் போய்க்கொண்டிருக்கும்போது காலில் மாட்டிய சறுக்குப் பலகையான ஸ்கியின் மூக்கு அந்த மேட்டில் தட்டும். தட்டு சின்னதுதான், ஆனால் சாய்வு உடைந்துவிடும். தோள் முன்னால் வந்துவிடும், கைப்பிடி உடம்பை விட்டு விலகிவிடும், அப்புறம் அந்த மிதவைக்கு நேரமில்லை. 14.25க்குப் போனால் மேட்டுக்கு முன்னாலேயே தாண்டிவிடுவதால் கயிறு குறைந்தும் எளிதாக இருக்கிறது என்று பலர் சொல்வதற்குக் காரணம் இது.

200 வந்தபோதும் இந்தக் கேள்வி எழுந்தது, எழத்தான் செய்யும். இதற்குப் பதில் சொல்லும்போது படகில் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், டேங்கில் எவ்வளவு பெட்ரோல், ஏரியின் ஆழம் என்ன என்பதையும் சொல்ல வேண்டும். பின் இருக்கையில் ஒருவர் கூடுதலாக உட்கார்ந்தால் அந்த மேடு இடம் மாறும். முன்பக்கம் கொஞ்சம் எடை வைத்தே அதைத் தணிக்கும் கிளப்புகள் உண்டு. ஆழம் குறைந்த ஏரியில் ஓடிய வேக்கும் ஆழமான ஏரியின் வேக்கும் ஒன்றல்ல. செயற்கையாக வெட்டிய ஸ்கி ஏரிகள் பல ஆழம் குறைந்தவையே.

ஸ்லாலோம் ஆட்கள் மட்டும் நீர்ச்சறுக்கு இல்லை. ட்ரிக் ஆட்டக்காரர்கள் மணிக்கு சுமார் 30 கிலோமீட்டரில் போவார்கள். அவர்களுக்கு வேக் வேண்டும், அதுவும் விளிம்பு தெளிவாக, உறுதியாக, இரு பக்கமும் ஒரே மாதிரியாக. 20 விநாடிக்குள் முடிந்த அளவு வித்தைகளைச் செய்ய அதுதான் அவர்கள் ஏறி எழும்பும் மேடை. ஸ்லாலோம்காரருக்கு இல்லாமலே போனால் நல்லது என்ற அதே அலையை இவருக்கு நன்றாகக் கட்டித் தர வேண்டும். மூன்று பிரிவுகளுக்கும் ஒரே படகு என்ற போட்டி மரபு வடிவமைப்பாளரை இந்த நெருக்கடியில் வைக்கிறது. 200இல் ஹைட்ரோகேட் என்று பின்பக்கம் ஒரு சிறிய தகடு வைத்தார்கள். அதன் நிலையைப் பொறுத்து வேக்கின் வடிவம் மாறும். ஆகவே ட்ரிக் வேக் பற்றியோ ஸ்லாலோம் வேக் பற்றியோ ஒருவர் குறை சொன்னால் தகடு சரியான நிலையில் இருந்ததா என்பதும் ஒரு நியாயமான கேள்வி. ஜம்ப் ஆட்டக்காரர்களுக்கு வேண்டியது வேறு: சரிவுமேடையை நோக்கி அவர்கள் முழு பலத்தோடு வெட்டும்போது படகு அசையக் கூடாது. அந்த வகையில் 200இன் கனம் அவர்களுக்குச் சாதகமே.

ஸ்கியின் ஃபினும் ஒரு சாட்சி

சோதனை ஓட்டத்தில் யாரும் பேசாத ஒரு விஷயம் சறுக்குபவரின் சொந்த ஸ்கி. ஸ்லாலோம் ஸ்கியின் பின்னால், அடியில், ஒரு உலோக ஃபின் இருக்கும். அதன் நீளம், ஆழம், முன்பின் இடம் எல்லாவற்றையும் காலிப்பர் வைத்து அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில் திருத்துவார்கள். ஆழத்தில் சில ஆயிரத்தில் பங்கு மாற்றினாலே திரும்பும் விதம் மாறிவிட்டது என்று நல்ல ஆட்கள் சொல்வார்கள். அந்த அமைப்பு முழுவதும் பழைய படகின் இழுவைக்கு ஏற்ப மாதக்கணக்கில் தேடிக் கண்டுபிடித்தது. அதே ஸ்கியோடு புதுப் படகின் பின்னால் ஒரு செட், அதாவது ஒரு முறைச் சறுக்கு, போய்விட்டு வந்து சொல்லும் கருத்து எப்படி இருக்கும்? படகுக்கும் ஸ்கிக்கும் இன்னும் அறிமுகமே ஆகவில்லை. விற்பனையாளர் கொண்டுவரும் சோதனைப் படகில் ஒரு செட்தான் கிடைக்கும், அதிலும் அந்தப் படகுக்குப் பழகாத ஓட்டுநர். அந்த நிலையில் நல்ல கருத்து வந்தாலும் கெட்ட கருத்து வந்தாலும் இரண்டையும் ஒரே அளவு சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

இந்தச் சிக்கல் விளையாட்டை நடத்துபவர்களுக்குத் தெரியும். அமெரிக்க நீர்ச்சறுக்கு அமைப்பு போட்டிப் படகுகளைத் தனியாகச் சோதித்த பிறகே அங்கீகரிக்கிறது. தகுதி பெற்ற ஓட்டுநர்களும் சறுக்குபவர்களும் பல படகுகளை அடுத்தடுத்து ஓட்டியும் சறுக்கியும் மதிப்பிடுவார்கள். ஒரே ஏரி, ஒரே ஆட்கள், மாஸ்டர்கிராஃப்ட், மாலிபு, நாட்டிக் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில். கிளப்பில் கிடைக்கும் கருத்துக்கு இந்த வசதி இல்லை. கிளப்பில் ஒப்பீடு எப்போதும் நினைவோடுதான் நடக்கிறது, அந்த நினைவிலோ போன பருவத்தின் நல்ல நாட்கள்தான் இருக்கும்.

விலை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2008 பொருளாதாரச் சரிவு முடியாத நேரத்தில் முந்தையதைவிடப் பெரிய, விலை கூடிய படகு வந்தது. வருத்தப்பட்டவர்களின் வருத்தம் நியாயமானது. ஸ்லாலோம் மட்டும் சறுக்கும் நாலு பேர் கூட்டாகப் படகு வைத்திருக்கும் இடத்தில் அந்தக் கூடுதல் அகலத்தால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டவர்களுக்குச் சரியான பதில் கிடைத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் நடந்தது

200 கிட்டத்தட்ட ஒன்பது மாடல் ஆண்டுகள் ஓடியது. 2018இல் அதன் இடத்துக்கு எண் எதுவும் இல்லாமல் வெறும் ஸ்கி நாட்டிக் என்ற பெயரோடு புதுப் படகு வந்தது. பின்பக்கத் தகடு என்ற எண்ணம் அதில் மைக்ரோட்யூனர்ஸ் என்று இன்னும் நுணுக்கமாக வளர்ந்திருந்தது. இடைப்பட்ட காலத்தில் கடுமையான இழுவை என்ற பேச்சு மெல்லக் கரைந்துபோனது. படகு மாறவில்லை, சறுக்குபவர்கள் மாறினார்கள். முதல் வேக்குக்கு முன்னாலேயே சாய்வை எடுத்து, நடுக்கோட்டைத் தாண்டும்போது விட்டுவிடும் பாணி பரவியது. அப்படிச் சறுக்கினால் கருவி கோபப்படுவதற்கே காரணம் கிடைப்பதில்லை. பயிற்சியாளர்கள் அதையே சொல்லிக்கொடுத்தார்கள், ஜீரோ ஆஃப் அமைப்பைத் தனக்கேற்பத் தேர்ந்தெடுப்பதும் ஒரு திறமையானது. இளையவர்களுக்கு வேறு இழுவை தெரியவே தெரியாது.

வேக் பற்றிய பாராட்டும், நேராகப் போகும் குணம் பற்றிய பாராட்டும் கடைசி வரை நின்றன. எடை பற்றிய முறையீடும் மறையவில்லை, பழகிப்போனது. நிலைத்த கருத்துகளைப் பாருங்கள்: கண்ணால் பார்த்து, முட்டியால் உணர்ந்து, கைச்சக்கரத்தில் பிடித்துப் பார்த்தவை. போன கருத்து, கயிற்றின் மறுமுனையில் என்ன நடக்கிறது என்று ஊகித்தது.

இன்று 200ஐப் பழைய படகாக வாங்க நினைக்கும் கிளப்புகள் உண்டு. எலெக்ட்ரானிக் த்ராட்டிலும் ஜீரோ ஆஃபும் இருப்பதால் பயிற்சிக்கு அது இன்னும் நன்றாகவே பொருந்துகிறது. அப்படிப் போய்ப் பார்ப்பவர்களுக்கு என் யோசனை: உங்கள் கிளப்பில் அதிகம் பேர் சறுக்கும் கயிற்று நீளத்தில், அவர்கள் வேகத்தில், இரண்டு திசையிலும் ஓட்டிப் பாருங்கள். ஜீரோ ஆஃபில் நீங்கள் வழக்கமாக வைக்கும் அமைப்பையே வையுங்கள். எஞ்சின் 5.7 லிட்டரா 6 லிட்டரா என்று முதலிலேயே கேளுங்கள். 16 மீட்டரில் தட்டினால் பின் இருக்கையில் இருப்பவரை முன்னால் வரச் சொல்லி இன்னொரு பாதை போங்கள். ஹைட்ரோகேட் தகடு அசைகிறதா என்று கரையில் வைத்தே பார்த்துவிடுங்கள், ஏரிக்குள் இறங்கிய பிறகு அது தெரியாது.